'ஸ்னோ வொயிட்' பாட்டுக்கு எந்த வெர்ஷன்? மைல்ஸா, எவன்ஸா, புரூபெக்கா, இல்லை அசலேவா?

சுருதிப்பெட்டி:

1937-ல் வந்த 'ஸ்னோ வொயிட்' கார்ட்டூன் படத்தில் வரும் 'சம்டே மை பிரின்ஸ் வில் கம்' பாட்டை ஜாஸ்காரர்கள் லேசில் விடவில்லை. பியானோக்காரர் டேவ் புரூபெக் 1957-ல் வாசித்தார், இன்னொரு பியானோக்காரர் பில் எவன்ஸ் 1959 டிசம்பரில், ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் 1961 மார்ச்சில். அதற்கப்புறம் வந்தவர்களைக் கணக்கெடுக்க முடியாது. இதில் உங்கள் ஓட்டு யாருக்கு என்பதுதான் கேள்வி. "மைல்ஸ்தான் கெத்து" என்று ஒரு வரி போட்டுவிட்டு ஓடக்கூடாது, காரணம் வேண்டும்.

நானே ஆரம்பிக்கிறேன். என் ஓட்டு மைல்ஸுக்குத்தான், முக்கியமாக அந்தத் தொடக்கத்துக்காக. பாட்டு பி ஃபிளாட் மேஜரில் இருக்கிறது. ஆனால் பால் சேம்பர்ஸ் டபுள் பாஸில் எஃப் என்ற ஒரே ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். நம் கணக்கில் பஞ்சமம். ஸட்ஜத்துக்கு வா வா என்று காது கெஞ்சுகிறது, அவர் அசைவதாக இல்லை. மேலே வின்டன் கெல்லி பியானோவில் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, மெதுவாக மாற்றிக்கொண்டிருக்கிறார், கீழே பாஸ் மட்டும் நகர மறுக்கிறது. பிறகு ஒலியை அடக்கும் ஹார்மன் ம்யூட் போட்ட ட்ரம்பெட் உள்ளே வந்து மெட்டைத் தொடங்கும்போதுதான் பாஸ் விடுபடுகிறது, நமக்கும் மூச்சு வருகிறது. பாட்டு எதைப் பற்றியது? வராத ஒருவனுக்காகக் காத்திருப்பதைப் பற்றியது. அதை வாயால் சொல்லாமல் கேட்பவனையே காக்க வைத்துவிட்டார். என்னைப் பொறுத்தவரை இந்தப் பாட்டின் எந்த கவரையும் (இன்னொருவர் தன் பாணியில் திரும்ப எடுப்பதை) அளக்க இது ஒன்றுதான் அளவுகோல்: என்னைக் காக்க வைத்தாயா இல்லையா?

எவன்ஸ் இரண்டாவது, புரூபெக் மூன்றாவது. அசல் எனக்குப் பட்டியலிலேயே இல்லை, அந்தக் குரல் நடுக்கத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. இனி அடிக்க வரலாம்.

வெள்ளைத்திரை:

அடிக்கத்தான் வந்திருக்கிறேன்.

"குரல் நடுக்கம்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். ஸ்னோ வொயிட்டுக்குக் குரல் கொடுத்த ஏட்ரியானா கேசலோட்டி முறையாக ஆபரா பயிற்சி எடுத்தவர். அவருடைய அப்பா பாட்டு வாத்தியார். ஸ்டுடியோவில் இருந்து அப்பாவிடம் "குழந்தைக் குரலில் பாடக்கூடிய பெண் யாராவது இருக்கிறார்களா" என்று போனில் கேட்டபோது இன்னொரு ரிசீவரில் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மகள் அங்கேயே பாடிக் காட்டினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்போது அவருக்கு 18 வயது. படத்தின் டைட்டிலில் பெயர்கூடப் போடவில்லை, வேறு யாருடைய குரலுக்கும்தான் போடவில்லை. நீங்கள் நடுக்கம் என்று சொல்வது அந்தக் காலத்து மேடைப் பாடகிகளின் விப்ராட்டோ. 1930-களில் மைக் இல்லாமலே பாடப் பழகிய தொண்டைகள் எல்லாம் அப்படித்தான் ஒலிக்கும். இன்றைய காதுக்குப் பழசாக இருக்கிறது என்பது வேறு, சரியில்லை என்பது வேறு.

அதைவிடப் பெரிய விஷயம். அந்தப் பாட்டு படத்தில் எங்கே வருகிறது என்று பாருங்கள். ராத்திரி குடிசையில் குள்ளர்கள் கதை கேட்கிறார்கள், அவள் தன் கதையையே சொல்கிறாள், சொல்லிக்கொண்டே பாட்டுக்குள் போய்விடுகிறாள். இளவரசனை ஏற்கெனவே கிணற்றடியில் பார்த்தாயிற்று. அவன் வருவானா மாட்டானா என்ற கவலை அவளுக்குத் துளியும் கிடையாது. வருவான், அவ்வளவுதான். கேசலோட்டி பாடுவதில் ஏக்கம் எங்கே இருக்கிறது? நிச்சயம்தான் இருக்கிறது. ஆக, "காத்திருப்பின் பாட்டு" என்பது மைல்ஸ் செய்த பாட்டு. ஃபிராங்க் சர்ச்சில் மெட்டுப் போட்டு லாரி மோரி எழுதிய பாட்டு அது இல்லை. மைல்ஸின் அளவுகோலை வைத்து மைல்ஸுக்கே முதல் பரிசு கொடுக்கிறீர்கள், இது என்ன நியாயம்?

மூணுதட்டு:

இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். இது வால்ட்ஸ். ஒன்று-இரண்டு-மூன்று, நம் ஆட்கள் திஸ்ரம் என்பார்கள். 1950-களின் நடுப்பகுதி வரைக்கும் ஜாஸ் என்றாலே நாலு அடிதான், மூன்றில் ஸ்விங் பண்ண, அதாவது ஜாஸுக்கே உரிய அந்தத் துள்ளலைக் கொண்டுவர, முடியுமா என்றே பலருக்குச் சந்தேகம். சோனி ராலின்ஸ் 1956-ல் 'வால்ஸ் ஹாட்' என்று ஒன்று வாசித்தார். அதில் ட்ரம்ஸ் வாசித்த மேக்ஸ் ரோச் மறு வருடம் ஒரு ஆல்பம் முழுக்க மூன்று அடியிலேயே போட்டார், பெயரே 'ஜாஸ் இன் த்ரீ-ஃபோர் டைம்'. அதே 1957-ல்தான் புரூபெக் 'டேவ் டிக்ஸ் டிஸ்னி' ஆல்பத்தில் இந்தப் பாட்டை எடுத்தார். அதாவது அவருக்கு முன்னால் வழி போட்டு வைத்தவர்கள் ரொம்பக் குறைவு. அந்த வகையில் மரியாதை அவருக்குத்தான் முதலில் போக வேண்டும். மைல்ஸ் வரும்போது பாதை நன்றாக மிதிபட்டிருந்தது.

ஆனால் என் ஓட்டு எவன்ஸுக்கு. காரணம் அவர் குழுவில் பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ. 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்' ஆல்பத்தில் இருப்பது ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான பதிவு. ஹெட்போனில் பாஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பாஸ் வாசிப்பவரின் வேலை முதல் அடியைக் காட்டிக்கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தால் இந்த ஆள் அதைச் செய்யவே மாட்டார். முதல் அடி விழ வேண்டிய இடத்தில் சும்மா இருப்பார், இரண்டாவதில் எவன்ஸுக்கு ஒரு பதில் சொல்வார், திடீரென்று மேலே ஏறி மெட்டுக்குப் பக்கத்திலேயே போய் நிற்பார். பால் மோஷனும் ட்ரம்ஸில் தாளத்தை உடைத்து உடைத்துத்தான் போடுகிறார். மூன்று பேரும் தாளத்தை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் விடுகிறார்கள், நாமாக எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் ஒரு இடத்தில் மூன்று பேரும் ஒன்றாக ஸ்விங்குக்குள் இறங்குவார்கள், அந்த இடத்துக்காகவே திரும்பக் கேட்கலாம்.

மைல்ஸ் வெர்ஷனில் தாளம் பத்திரமாக இருக்கிறது. ரொம்பப் பத்திரமாக.

புதுக்காது:

நான் ஜாஸ் பக்கம் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறேன், தப்பாகக் கேட்டால் திட்டாதீர்கள். ஒரு குழந்தைகள் படத்துப் பாட்டை இத்தனை பெரிய ஆட்கள் ஏன் தேடிப் போய் வாசித்தார்கள்? வேறு பாட்டே கிடைக்கவில்லையா? மைல்ஸ் வெர்ஷன் கேட்டேன், ட்ரம்பெட் பிடித்தது, ஆனால் கடைசிப் பக்கம் ஒரு சாக்ஸபோன் வந்து கன்னாபின்னாவென்று ஓடுகிறதே, அது யார்? அது எதற்கு?

பழையரெக்கார்டு:

@புதுக்காது நல்ல கேள்விதான், யாரும் திட்ட மாட்டார்கள்.

முதல் கேள்விக்கு: கார்டு அமைப்பு. தொடங்கியவுடன் ஸட்ஜ கார்டில் உட்கார விடாமல் இரண்டாவது பாரிலேயே (இங்கே மூன்று அடி ஒரு பார்) வேறு பக்கம் தள்ளிவிடுகிறது, அங்கிருந்து படிப்படியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. மொத்தம் 32 பார், இரண்டு பாதி, இரண்டும் ஒரே மாதிரி தொடங்கி வேறு மாதிரி முடிகின்றன. மனோதர்மம் வாசிப்பவனுக்கு இது அல்வா. மெட்டு எளிமை, கீழே இருக்கும் ஹார்மனி எளிமை இல்லை, அந்த இடைவெளியில்தான் சோலோ வாசிப்பவனுக்கு வேலையே. இன்னொன்று, படம் 1944, 1952, 1958 என்று திரும்பத் திரும்பத் தியேட்டருக்கு வந்துகொண்டே இருந்தது. படம் முதலில் வந்தபோது மைல்ஸுக்கு 11 வயது, எவன்ஸுக்கு 8. கேட்பவர்கள் எல்லோருக்கும் மெட்டு மனப்பாடம், அதனால் மெட்டை எவ்வளவு தூரம் விட்டு விலகினாலும் கூடவே வருவார்கள். யாருக்கும் தெரியாத பாட்டில் இந்த விளையாட்டு எடுபடாது.

இரண்டாவது கேள்விக்கு: அது ஜான் கோல்ட்ரேன். 1960-லேயே மைல்ஸ் குழுவை விட்டு வெளியேறித் தன் சொந்தக் குழு ஆரம்பித்துவிட்டார். இந்த ஆல்பத்தில் 'டியோ' என்ற இன்னொரு பாட்டிலும் இதிலும் மட்டும் விருந்தாளியாக வாசித்துக் கொடுத்தார். குழுவின் நிரந்தர சாக்ஸபோன் அப்போது ஹேங்க் மோப்லி. அவருடைய சோலோ முன்னாலேயே வந்துவிடுகிறது, பிறகு கெல்லியின் சோலோ, அப்புறம் மைல்ஸ் வந்து மெட்டை மறுபடி தொட்ட பிறகு கோல்ட்ரேன்.

இப்போது என் மனக்குறை. எல்லோரும் கோல்ட்ரேன் கோல்ட்ரேன் என்கிறார்கள், மோப்லியைக் கேட்பதே இல்லை. மைல்ஸே தன் சுயசரிதையில் மோப்லியோடு வாசித்தது தனக்கு உற்சாகமாக இல்லை என்ற அர்த்தத்தில் சொல்லிவைத்துவிட்டார், அன்றிலிருந்து அந்த மனுஷனுக்கு இறக்கம். ஆனால் அந்தப் பாட்டின் மனநிலையைக் கெடுக்காமல், வட்டமான தொனியில், அவசரமே இல்லாமல் பேசுகிறவர் மோப்லிதான். சுருதிப்பெட்டி சொல்லும் "காத்திருப்பு" அவரிடம்தான் இருக்கிறது. கோல்ட்ரேன் காத்திருக்கவில்லை, கதவை உடைத்துக்கொண்டு வருகிறார்.

சுருதிப்பெட்டி:

@பழையரெக்கார்டு கதவை உடைத்தால்தான் என்ன? ஒன்பது நிமிடம் போகிற பாட்டு. எல்லோரும் மெதுவாக மெதுவாக என்று போய்க்கொண்டிருந்தால் தூக்கம்தான் வரும். கோல்ட்ரேன் வந்தவுடன் அடியில் இருந்த வால்ட்ஸ் அப்படியே இருக்கிறது, ட்ரம்ஸில் ஜிம்மி காப் டெம்போவைக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, ஆனால் மேலே அவர் ஒரு அடிக்குள் அத்தனை ஸ்வரங்களைத் திணிக்கும்போது பாட்டே வேகமெடுத்த மாதிரி தோன்றுகிறது. அவர் முடித்த இடத்தில் மைல்ஸின் ம்யூட் மறுபடி வருவதைக் கவனியுங்கள். கோல்ட்ரேன் வராமல் இருந்திருந்தால் அந்தக் கடைசி மெட்டுக்கு அத்தனை கனம் இருக்காது. மோப்லியை நான் குறை சொல்லவே இல்லை, ஆனால் அவருக்குப் பிறகு எதுவுமே மாறவில்லை. கோல்ட்ரேனுக்குப் பிறகு மாறிவிட்டது.

@வெள்ளைத்திரை உங்கள் வாதம் பலமானது, அதனால்தான் முழுசாகப் பதில் சொல்கிறேன். படத்தில் அவளுக்குச் சந்தேகம் இல்லை, சரி. ஆனால் கவர் என்பது அசலின் மனநிலையைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடா? அப்படியென்றால் அசலையே கேட்டுவிட்டுப் போகலாமே, கவர் எதற்கு? அசலில் இருக்கும் ஒன்றை, அசலே கவனிக்காமல் விட்ட ஒன்றை, வெளியே எடுப்பவனுக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன். அந்த எதிர்காலம் "ஒரு நாள்" என்று தேதி இல்லாமல் தள்ளிப்போடப்பட்டிருப்பது எழுத்திலேயே இருக்கிறது. மைல்ஸ் அதைக் கற்பனை செய்துகொண்டு வரவில்லை, எடுத்து முன்னால் வைத்தார்.

@மூணுதட்டு "ரொம்பப் பத்திரமாக" என்று குத்தியது புரிகிறது.

வெள்ளைத்திரை:

அசல் கவனிக்காமல் விட்டது என்கிறீர்கள், அசல் கவனித்திருக்கிறது என்கிறேன் நான். பாட்டு இரண்டாவது தடவை வரும் இடம் எது? அவள் நெல்லிக்காய் மாதிரியான ஒரு காயைப் போட்டு பை (pie) என்ற பலகாரம் செய்துகொண்டே அதையே முணுமுணுக்கிறாள், பறவைகள் மாவின் ஓரத்தை மடித்துக் கொடுக்கின்றன. அந்த நேரத்தில்தான் ராணி கிழவி வேஷத்தில் ஜன்னலில் வந்து நிற்கிறாள். பார்ப்பவர்களுக்கு ஆப்பிளில் விஷம் இருப்பது தெரியும், பாடுகிறவளுக்குத் தெரியாது. அவள் நிச்சயத்தோடு பாடப் பாட நமக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. அந்த நடுக்கமில்லாத நம்பிக்கை இல்லாவிட்டால் அந்தக் காட்சியே நிற்காது. மெட்டின் ஹார்மனியில் இருக்கும் கலக்கத்தைப் பாடுபவள் தெரிந்துகொள்ளாமல் பாடுகிறாள், பழையரெக்கார்டு சொன்ன அதே இடைவெளிதான், 1937-லேயே இருக்கிறது. கடைசியில் அதே பாட்டைக் கோரஸ் பாடும்போது அது நடந்து முடிந்திருக்கும்.

படத்தோடு பார்க்காமல் பாட்டை மட்டும் தனியாகப் பிடுங்கிக் கேட்டால் எல்லா அசலும் பழசாகத்தான் தெரியும்.

குயில்தோப்பு:

இத்தனை பேர் பேசுகிறீர்கள், பாடிய கவர் ஒன்றைக்கூட யாரும் எடுக்கவில்லை. வார்த்தை இருக்கிற பாட்டு இது, நினைவிருக்கிறதா?

ஹால் வில்னர் 1988-ல் 'ஸ்டே அவேக்' என்று டிஸ்னி பாட்டுகளுக்கு ஒரு தொகுப்பு ஆல்பம் தயாரித்தார். அதில் டாம் வெயிட்ஸ் 'ஹை ஹோ'வைப் பாடி, வேலைக்குப் போகிற குள்ளர்களை நரகத்துச் சுரங்கத்தில் இறக்கிவிட்டார், அது தனிக் கதை. இந்தப் பாட்டை அதில் பாடியது ஷினேட் ஓ'கானர். அலங்காரம் எதுவும் கிடையாது. கிட்டத்தட்ட காதுக்குள் பேசுகிற மாதிரி பாடுகிறார். கேசலோட்டியின் நிச்சயம் அதில் இல்லை, மைல்ஸின் ஸ்டைலும் இல்லை. தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ளும் ஒருத்தியின் குரல்.

அதற்கு நேர் எதிர் பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட், 2001 டிவிடிக்காகப் பாடியது. தொண்டை அபாரம், இசைக்குழு அபாரம், ஆனால் ஒவ்வொரு வரியும் "நான் எப்படிப் பாடுகிறேன் பார்" என்று திரும்பிப் பார்க்கிறது. இளவரசன் வந்தாலும் ஓரமாக நின்று கைதட்ட வேண்டியதுதான்.

என் பட்டியல்: ஷினேட், அசல், எவன்ஸ். மைல்ஸ் நாலாவது.

புதுக்காது:

ஷினேட் வெர்ஷன் இப்போதுதான் கேட்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை, நன்றி.

எவன்ஸும் கேட்டேன். மூணுதட்டு சொன்ன மாதிரி பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன், பாதியில் தாளத்தைத் தொலைத்துவிட்டேன். மூன்றா நாலா என்றே தெரியவில்லை.

மூணுதட்டு:

@புதுக்காது தொலைப்பதற்காகத்தான் அப்படி வாசித்திருக்கிறார்கள், கவலை வேண்டாம். மெட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே கேளுங்கள், தாளம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

லஃபாரோ 1961 ஜூலையில் கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. எவன்ஸ் அதற்கப்புறமும் இந்தப் பாட்டை விடவில்லை. 1968 மான்ட்ரோ விழாப் பதிவில் எடி கோமஸ் பாஸ், ஜாக் டிஜானெட் ட்ரம்ஸ். வேகமும் கூடிவிட்டது, எவன்ஸும் கொஞ்சம் முரட்டுத்தனமாக வாசிக்கிறார். அதே டிஜானெட் 2002-ல் கீத் ஜாரெட் ட்ரியோவில் உட்கார்ந்து இதையே வாசித்திருக்கிறார், 'அப் ஃபார் இட்' ஆல்பம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு ஸிம்பலை மட்டும் கேளுங்கள். 1968-ல் பியானோவைத் துரத்துகிறார். 2002-ல் ஜாரெட் எங்கே போகப் போகிறார் என்று தெரிந்த மாதிரி முன்னாலேயே போய் இடம் பிடித்து வைக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே பாட்டோடு இருந்தால் ட்ரம்ஸ்காரருக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

ட்ரம்ஸே வேண்டாம் என்பவர்களுக்கு செட் பேக்கர், 1979. ட்ரம்பெட், கிதார், பாஸ் மூன்று பேர் மட்டும். தாளம் சொல்ல ஆளே இல்லை, ஆனால் அடி தப்பவில்லை.

பழையரெக்கார்டு:

மேக்ஸ் ரோச் பெயரை மூணுதட்டு எடுத்ததால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். 1961 மே 19, கார்னகி ஹாலில் மைல்ஸ் கச்சேரி, ஆப்பிரிக்க ஆராய்ச்சி அறக்கட்டளை ஒன்றுக்கு நிதி திரட்ட. மைல்ஸ் இந்தப் பாட்டை ஆரம்பிக்கிறார், அப்போது மேக்ஸ் ரோச் வெள்ளைக் கோட்டோடு, 'ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கருக்கே' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அந்த அமைப்பின் மேல் அவருக்கு அரசியல் எதிர்ப்பு. மைல்ஸ் வாசிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார், ரோச்சை அப்புறப்படுத்திய பிறகுதான் திரும்பி வந்தார். மூன்று அடி ஜாஸுக்குத் தனி ஆல்பமே போட்ட ஆள், மூன்று அடிப் பாட்டு நடக்கும்போதே போய் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டுடியோ பதிவு நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. குழந்தைகள் படத்துப் பாட்டு என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்கு இந்தக் காட்சிதான் ஞாபகம் வரும்.

கூடுதல் தகவல்: வின்டன் கெல்லி அதே 1961-ல் தன் பெயரிலும் இதைப் பதிவு செய்திருக்கிறார். மைல்ஸ் இல்லாத இடத்தில் மனுஷன் எவ்வளவு சந்தோஷமாக வாசிக்கிறார் என்று பாருங்கள்.

சுருதிப்பெட்டி:

கெல்லி வெர்ஷன் நல்ல சிபாரிசு. இரண்டு பியானோ பிடிக்கும் என்றால் ஹெர்பி ஹேன்காக்கும் சிக் கொரியாவும் 1978-ல் மேடையில் சேர்ந்து வாசித்ததையும் போடுங்கள், கச்சேரி ஆல்பமே இந்தப் பாட்டில்தான் தொடங்குகிறது. எனக்கு அதில் பாதிதான் பிடிக்கும். இரண்டு பேரும் மெட்டை ஒளித்து வைத்துத் தேடும்வரை பிரமாதம், கண்டுபிடித்த பிறகு இரண்டு பேருக்கும் வலது கை நிற்க மாட்டேன் என்கிறது.

@வெள்ளைத்திரை பை செய்யும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அசலைப் பட்டியலில் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்கிறேன், புரூபெக் கீழே போகிறார். அவர் குழுவில் இருந்த பால் டெஸ்மண்டின் ஆல்ட்டோ சாக்ஸபோன் தொனிக்காக புரூபெக்கை முழுசாக விட மனசில்லை, ட்ரை மார்ட்டினி மாதிரி ஒலிக்க ஆசைப்பட்டேன் என்று சொன்ன டெஸ்மண்ட் அதை நிஜமாகவே சாதித்திருக்கிறார். ஆனால் அந்த வெர்ஷனில் எல்லோரும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகவே இருக்கிறார்கள், யாரும் யாருக்காகவும் ஏங்கவில்லை.

மைல்ஸ் முதலிடம் மாறாது. @குயில்தோப்பு ஷினேடுக்கு என் முதல் மூன்றில் இடம் இல்லை, சண்டை போடுவதென்றால் 'ஸ்டே அவேக்' ஆல்பத்துக்குத் தனி இழை திறங்கள், டாம் வெயிட்ஸையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

குயில்தோப்பு:

திறந்தாயிற்று. வாருங்கள்.